வீட்டுப் பராமரிப்பாளரை முதன்முறையாக அமர்த்துவோருக்கு: குளியல் முதல் குறிப்பேடு வரை

பக்கவாதத்தால் இடப்பக்கம் செயலிழந்த என் அம்மாவை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்த மறுநாள் காலையே ஒரு பராமரிப்பாளர் வேலைக்கு வந்துவிட்டார். நல்ல உழைப்பாளி. "அம்மாவைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்பதைத் தவிர நான் அவரிடம் வேறெதுவும் சொல்லவில்லை. மூன்றாம் வாரத்தில் அம்மாவால் இடது தோளைத் தொடக்கூட விட முடியவில்லை. படுக்கையிலிருந்து எழுப்பும்போதெல்லாம் அந்தக் கையைப் பிடித்தே தூக்கியிருக்கிறார். மருத்துவமனையில் வலக்கையால் தானே முகம் கழுவிக்கொண்டிருந்தவர், அதே மூன்று வாரங்களில், துண்டு வரும்வரை முகத்தை நீட்டிக் காத்திருக்கப் பழகியிருந்தார். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். எதை எப்படிச் செய்ய வேண்டும், எதைச் செய்யாமல் அவரிடமே விட வேண்டும் என்று வீட்டில் யாரும் எழுதி வைக்கவில்லை. முதன்முறையாக ஒருவரை அமர்த்தப் போகிறவர்களுக்காக, நாங்கள் தட்டுத்தடுமாறிக் கற்றதை வரிசைப்படுத்தி இங்கே எழுதுகிறேன்.

1. ஆளைத் தேடும் முன் தேவையை எழுதுங்கள்

அன்றாடத் தேவைகளில் அடிப்படையானவை ஆறு: குளித்தல், உடுத்துதல், கழிப்பறையைப் பயன்படுத்துதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு இடம் மாறுதல், மலத்தையும் சிறுநீரையும் அடக்குதல், உண்ணுதல். ஒவ்வொன்றையும் சிறு சிறு செயல்களாக உடைத்து ஒரு தாளில் எழுதுங்கள். குளியல் என்று ஒரே வரியில் எழுதினால் பயனில்லை. குளியலறைக்கு நடப்பது, உடை களைவது, முகம் கழுவுவது, மார்பும் கையும் தேய்ப்பது, முதுகும் காலும் தேய்ப்பது, துவட்டுவது எனத் தனித்தனி வரிகள் வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே "தானே", "அருகில் ஆள் நின்றால் போதும்", "கை கொடுத்தால்", "முழுவதும் பிறர்" என்ற நான்கில் ஒன்றை எழுதுங்கள்.

இதை நினைவிலிருந்து எழுதாதீர்கள். 24 மணி நேரம் உடனிருந்து பார்த்து எழுதுங்கள். குறிப்பாக, இரவில் எத்தனை முறை எழுகிறார், எத்தனை முறை ஈரமாகிறது என்பதைக் கணக்கிடுங்கள். காலையில் இரண்டு மணி நேரத்துக்கு வந்து போகிறவர் போதுமா, 12 மணி நேர முறை வேண்டுமா, இரவுக்கும் தனி ஆள் வேண்டுமா என்பதை அந்தக் கணக்குதான் தீர்மானிக்கும். உதவி பெறுபவரிடமும் சிலவற்றைக் கேட்க வேண்டும்: ஆண் உதவியாளரா பெண் உதவியாளரா, குளியல் காலையிலா மாலையிலா, தலைக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை. இவற்றை அவருக்குப் பதிலாக நாம் முடிவு செய்துவிடுவதால்தான் முதல் வாரத்திலேயே "அந்த ஆள் வேண்டாம்" என்ற பிடிவாதம் தொடங்குகிறது.

2. மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன் வாங்க வேண்டிய தாள்கள்

டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் குடும்பத்தினர் அனைவரும் பணம் கட்டுமிடத்தில் நிற்பார்கள். அன்று எதையும் நிதானமாகக் கேட்க முடியாது. ஆகவே இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பே கேட்கத் தொடங்குங்கள். டிஸ்சார்ஜ் சுருக்கத்தோடு, ஒவ்வொரு மருந்தின் அளவும் நேரமும் எழுதிய பட்டியல் வேண்டும். எந்த மாத்திரையைப் பொடிக்கக் கூடாது என்பதும் அதில் இருக்க வேண்டும், ஏனெனில் மெதுவாகக் கரையும்படி தயாரிக்கப்பட்ட மாத்திரைகளைப் பொடித்தால் மருந்து முழுவதும் ஒரே நேரத்தில் உடலில் இறங்கிவிடும். ஒவ்வாமை விவரம், எந்த அசைவுகள் கூடாது என்று பிசியோதெரபிஸ்ட் எழுதிய குறிப்பு, விழுங்கும் திறனைச் சோதித்திருந்தால் உணவும் நீரும் எந்தப் பதத்தில் இருக்க வேண்டும் என்ற குறிப்பு, சிறுநீர்க் குழாய் இருந்தால் அதை மாற்ற வேண்டிய தேதி ஆகியவற்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வீட்டுக்குப் புறப்படும் முன், வால் எலும்புப் பகுதி, இடுப்பின் இரு புறம், குதிகால், முழங்கை ஆகிய இடங்களில் தோல் எப்படி இருக்கிறது என்று செவிலியரோடு சேர்ந்து பார்த்துவிடுங்கள். சிவப்போ புண்ணோ இருந்தால் அது டிஸ்சார்ஜ் தாளில் பதிவாக வேண்டும். இல்லாவிட்டால், எப்போது வந்தது என்பது குறித்துப் பின்னர் நடக்கும் வாக்குவாதத்தில் வீட்டுக்கு வந்த உதவியாளர்தான் பழி சுமப்பார். படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவதை ஒருமுறை செய்துகாட்டச் சொல்லி, அனுமதி கேட்டு, கைபேசியில் படம்பிடித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு இந்த யோசனை தோள் வீங்கிய பிறகே வந்தது.

3. யாரை அமர்த்துகிறோம் என்பதில் தெளிவு வேண்டும்

பராமரிப்பு உதவியாளர் வேறு, செவிலியர் வேறு. குளிப்பாட்டுதல், உடுத்திவிடுதல், ஊட்டுதல், இடம் மாற்றுதல், டயப்பர் மாற்றுதல், மருந்து நேரத்தை நினைவூட்டுதல் ஆகியவை உதவியாளரின் வேலை. ஊசி போடுவது, சிறுநீர்க் குழாய் செருகுவது, ஆழமான புண்ணுக்குக் கட்டுப் போடுவது போன்றவை பயிற்சி பெற்ற செவிலியருக்கு உரியவை. இடையில் உள்ள சில வேலைகளில் விதிகள் இடத்துக்கு இடம் மாறும் என்பதால், உங்கள் பட்டியலைக் காட்டி, எவை எவற்றைச் செய்வார் என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். முகவர் நிறுவனங்கள் சில உதவியாளரையே "நர்ஸ்" என்று சொல்லி அனுப்புகின்றன. பதிவுச் சான்று கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

அடையாளச் சான்றின் மூலப் பிரதி, நிரந்தர முகவரி, காவல்துறைச் சரிபார்ப்பு, பயிற்சிச் சான்று, காசநோய்ப் பரிசோதனை முடிவு, ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி விவரம், முன்பு வேலை செய்த இரண்டு வீடுகளின் தொடர்பு எண் ஆகியவற்றைக் கேளுங்கள். அந்த இரண்டு வீடுகளுக்கும் நீங்களே பேசுங்கள். "நல்லவரா?" என்று கேட்டால் "நல்லவர்" என்ற பதில்தான் வரும், "ஏன் நின்றுவிட்டார்?" என்று கேளுங்கள்.

நேர்காணலிலும் "தெரியுமா?" என்று தொடங்கும் கேள்வி வீண். "இடது கை வராதவருக்குச் சட்டையை எந்தக் கையில் முதலில் நுழைப்பீர்கள்?" என்று நான் இப்போது கேட்கிறேன். வராத கையில் முதலில் நுழைத்துவிட்டு, வருகிற கையை அவரே நுழைத்துக்கொள்ள விட வேண்டும். கழற்றும்போது இது தலைகீழாகும், நல்ல கை முதலில் வெளியே வரும். இதைத் தயங்காமல் சொல்கிறவர் மெய்யாகவே யாருக்கோ சட்டை போட்டுவிட்டவர்.

4. செலவை மொத்தமாகப் பாருங்கள்

சம்பளம் செலவின் ஒரு பகுதிதான். முகவர் வழியாக வந்தால் பதிவுக் கட்டணம், முன்பணம், மாதந்தோறும் முகவர் எடுத்துக்கொள்ளும் பங்கு ஆகியவை தனி. ஒரு வாரத்தில் ஆள் நின்றுவிட்டால் பதிவுக் கட்டணம் திரும்புமா, மாற்று ஆளுக்கு மறுபடியும் கட்ட வேண்டுமா, எத்தனை நாளுக்குள் அனுப்புவார்கள் என்ற மூன்றும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். வாய்வார்த்தையாக ஏற்றுக்கொண்ட எங்களுக்கு முதல் முகவர் ஒன்பது நாட்கள் ஆளே அனுப்பவில்லை. அந்த நாட்களுக்கான பணமும் திரும்பவில்லை. வார விடுப்பு, கூடுதல் நேரத்துக்கான ஊதியம், பண்டிகை நாள், உணவு, விலகுவதற்கான முன்னறிவிப்புக் காலம் ஆகியவற்றையும் எழுதிக் கையெழுத்திடுங்கள். முதல் இரண்டு வாரங்களைச் சோதனைக் காலமாக வைத்துக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது.

பலர் தவறவிடும் கணக்கு இன்னொன்று உண்டு. வீட்டோடு தங்கும் ஒரே ஆளை அமர்த்திவிட்டு 24 மணி நேரமும் கவனிப்பு கிடைக்கும் என்று நம்புவது நடவாத காரியம். தானே புரள முடியாதவரை இரவிலும் திருப்பிப் படுக்கவைக்க வேண்டுமானால் இன்னொருவர் தேவை. அந்தச் செலவைத் தவிர்க்க நினைத்தால், இரவுப் பொறுப்பைக் குடும்பத்தினர் ஏற்க வேண்டும்.

கையுறை, டயப்பர், படுக்கையில் போடும் ஈரம் உறிஞ்சும் விரிப்பு, ஈரத் துடைப்பான் ஆகியவை மாதாமாதம் வரும் செலவு. ஒரு வாரம் எண்ணிப் பார்த்துவிட்டு, பிறகு மொத்தமாக வாங்குங்கள்; அளவு தெரியாமல் நாங்கள் வாங்கிய ஒரு பெட்டி டயப்பர் இன்னும் பரணில் கிடக்கிறது. மருத்துவக் கட்டில், காற்று மெத்தை, சக்கர நாற்காலி போன்றவற்றை முதலில் வாடகைக்கு எடுங்கள். காப்பீடு இருந்தால், வீட்டுப் பராமரிப்புக்கு ஏதேனும் கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டு, எல்லா ரசீதுகளையும் பத்திரப்படுத்துங்கள்.

5. அறையையும் குளியலறையையும் ஒருநாள் முன்பே தயார் செய்யுங்கள்

குளியலறையில் சுவரோடு திருகி இறுக்கிய கைப்பிடி, வழுக்காத விரிப்பு, முதுகு சாயும் குளியல் நாற்காலி ஆகிய மூன்றும் வேண்டும். துண்டு போடும் கம்பி கைப்பிடியாகாது. விழப்போகிறவரின் எடையை அது தாங்காது. கட்டிலின் பக்கத் தடுப்புக்கும் மெத்தைக்கும் இடையே தலையோ கையோ சிக்கும் அளவு இடைவெளி இருக்கக் கூடாது. படுக்கையிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு எரியட்டும். மிதியடிகளையும் மின்கம்பிகளையும் அகற்றிவிடுங்கள்.

6. முதல் மூன்று நாட்கள் வேலைக்குப் போகாதீர்கள்

உதவியாளர் வரும் நாளிலேயே நிம்மதியாகக் கிளம்பிவிட முடியும் என்று எண்ண வேண்டாம். முதல் நாள் நீங்கள் செய்து காட்ட வேண்டும், இரண்டாம் நாள் இருவரும் சேர்ந்து செய்ய வேண்டும், மூன்றாம் நாள் அவர் செய்வதை நீங்கள் பார்க்க வேண்டும். குளியலின்போது உடனிருக்கலாமா என்று உதவி பெறுபவரிடம் கேட்டுவிடுங்கள்; பெற்ற பிள்ளையின் முன் உடை களையக் கூசுகிறவர், பழக்கமில்லாத உதவியாளரிடம் கூசாமல் இருப்பதும் உண்டு.

7. குளியல், வாய், உடை

குளிப்பாட்டுவதில் வழுக்குவதும் சூடுபடுவதுமே பெரிய ஆபத்துகள். நீர் ஏறத்தாழ 37 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் போதும். வாளியில் முதலில் குளிர்ந்த நீரையும் பிறகு வெந்நீரையும் ஊற்றி, மணிக்கட்டின் உட்புறத்திலோ முழங்கையிலோ சோதிக்கச் சொல்லுங்கள். உணர்ச்சி குறைந்த பக்கத்தைக் கொண்டு சூட்டைச் சோதிக்கவே கூடாது. அம்மாவின் இடது பாதம் சூட்டை உணராது என்பதையே நாங்கள் பல நாட்கள் கழித்துத்தான் கவனித்தோம்.

படுக்கையிலேயே துடைத்துவிட வேண்டியிருந்தால் அதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கண்கள், சோப்பில்லாத ஈரத் துணியால், உள்முனையிலிருந்து வெளிமுனை நோக்கி, ஒவ்வொரு கண்ணுக்கும் துணியின் வேறு பகுதி. அடுத்து முகம், கழுத்து, கைகள், மார்பு, வயிறு, கால்கள், முதுகு, இறுதியில்தான் மறைவிடம். அதற்கு முன் நீரையும் துணியையும் கையுறையையும் மாற்றியாக வேண்டும். பெண்களுக்கு முன்னிருந்து பின்னாக மட்டுமே துடைக்க வேண்டும். திசை மாறினால் சிறுநீர்த் தொற்றுக்கு இடமளிக்கும். துடைக்கும் பகுதியை மட்டும் திறந்து மற்றதைப் போர்வையால் மூடி வைப்பது குளிருக்காக மட்டுமன்று, கூச்சத்துக்காகவும்தான். தோல் மடிப்புகளையும் கால் விரலிடுக்குகளையும் ஒற்றி உலர்த்த வேண்டும். களிம்பு பாதத்துக்குப் பூசலாம், விரலிடுக்கில் வேண்டாம்.

இந்த இடத்தில்தான் 1-ஆம் படியில் எழுதிய தாள் உதவும். முகம் கழுவுவது "தானே" என்றால், பிழிந்த துணியை அவர் கையில் கொடுத்துவிட்டு உதவியாளர் காத்திருக்க வேண்டும். அம்மாவுக்கு அது நான்கு நிமிடம் பிடித்தது. உதவியாளர் செய்தால் அரை நிமிடம். அவசரத்தில் அந்த மூன்றரை நிமிடத்தை மிச்சப்படுத்தத் தோன்றும். ஆகவே காலை வேலைக்கான நேரத்தை ஒரு மணி நேரம் என்று குறுக்காமல், ஒன்றரை மணி நேரமாக ஒதுக்கிவிடுங்கள்.

பல் துலக்குதல் நாளுக்கு இருமுறை. செயலிழந்த பக்கக் கன்னத்தில் உணவு தங்கியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். பல்செட்டை இரவில் கழற்றிக் குளிர்ந்த நீரில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். வெந்நீர் அதன் வடிவத்தைக் கெடுக்கும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவருக்குச் சவரம் மின் சவரக் கருவியால்தான். சர்க்கரை நோயாளியின் கால் நகத்தை உதவியாளர் வெட்ட வேண்டாம். சிறு கீறல்கூட ஆறாத புண்ணாகலாம்.

மறதி நோய் உள்ளவர் குளிக்க மறுத்தால் இழுத்துச் செல்லக் கூடாது. இருபது நிமிடம் விட்டு மறுபடியும் கேட்கலாம். அன்று முகம், அக்குள், மறைவிடம் மட்டும் துடைத்துவிட்டு நிறுத்தினாலும் தவறில்லை.

8. எழுப்புதலும் படுக்கைப்புண்ணும்

படுத்திருப்பவரை நேராக நிற்க வைத்தால் இரத்த அழுத்தம் சட்டென்று குறைந்து மயங்கி விழக்கூடும். கட்டில் விளிம்பில் ஓரிரு நிமிடம் கால்களைத் தொங்கவிட்டு உட்காரவைத்து, தலை சுற்றுகிறதா என்று கேட்ட பிறகே எழுப்ப வேண்டும். சக்கர நாற்காலியை அவரது நல்ல பக்கத்தில் நிறுத்தி, இரு பிரேக்குகளையும் போட்டு, கால் மிதிகளை ஒதுக்கிவிட வேண்டும். அக்குளுக்கடியில் கைகொடுத்துத் தூக்குவதும், செயலிழந்த கையைப் பிடித்து இழுப்பதும், உதவியாளரின் கழுத்தைக் கட்டிக்கொள்ளச் சொல்வதும் கூடா. இடுப்பில் கட்டும் அகலமான பிடிப்புப் பட்டையைப் பற்றி, உதவியாளர் முழங்காலை மடித்து, மூன்று எண்ணி, இருவரும் ஒரே நேரத்தில் எழ வேண்டும். அந்த எண்ணிக்கையை அம்மாவே சொல்லட்டும் என்று இரண்டாவதாக வந்த உதவியாளர் பழக்கினார். அம்மா "மூன்று" என்னும்போது அவர் வலது காலும் தரையை உந்துவதைப் பார்க்க முடிந்தது.

படுக்கையில் இருப்பவரைப் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும்; நாற்காலியில் இருப்பவருக்கு இன்னும் அடிக்கடி எடையை மாற்றிக் கொடுக்க வேண்டும். மேலே நகர்த்தும்போது இழுத்தால் தோல் உராய்ந்து கிழியும்; இடுப்புக்கடியில் குறுக்காக விரித்த துணியை இருபுறமும் இருவர் பிடித்துத் தூக்கி நகர்த்துவதே சரி. சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துப் பிறகு சிவந்தால் அழுத்தத்தைக் குறைத்துக் கவனியுங்கள். வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் அது படுக்கைப்புண்ணின் முதல் நிலை, அன்றே மருத்துவரிடமோ செவிலியரிடமோ சொல்லுங்கள். கருத்த தோலில் சிவப்பு தெரியாமல் போகலாம். சுற்றுப்புறத்தைவிடச் சூடாகவோ கடினமாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். அந்த இடத்தைத் தேய்த்துவிடுவதும், நடுவில் ஓட்டையுள்ள வளைய மெத்தையில் உட்காரவைப்பதும் நல்லெண்ணத்தோடு செய்யப்படும் தவறுகள். இரண்டும் நிலைமையை மோசமாக்கும். காற்று மெத்தை இருந்தாலும் திருப்பிவிடுவதை நிறுத்த முடியாது.

9. கழிப்பு

விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு அல்லது மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, அவர் கேட்கும்வரை காத்திருக்காமல், உதவியாளரே அழைத்துச் சென்றால் டயப்பரின் தேவை குறையும். நடக்க முடியாவிட்டால் கட்டிலருகே கமோடு நாற்காலி போதும். டயப்பர் ஈரமானால் நிறையும்வரை காத்திருக்காமல் மாற்ற வேண்டும். சிறுநீர்க் குழாய் இருந்தால், பை எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே, ஆனால் தரையைத் தொடாமல் தொங்க வேண்டும். பாதிக்கு மேல் நிறைந்ததும் காலி செய்துவிட வேண்டும். சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது பையை மடியில் வைப்பது வழக்கமான பிழை, ஏனெனில் வெளியே வந்த சிறுநீர் திரும்ப உள்ளே போகும். கையுறை போட்டாலும் கழற்றியதும் சோப்பால் கை கழுவியாக வேண்டும்.

10. உணவும் மருந்தும்

நேராக நிமிர்த்தி உட்காரவைத்த பிறகே ஊட்ட வேண்டும். உண்டு முடித்து அரை மணி நேரமாவது படுக்கக் கூடாது. சிறு கரண்டி, ஒரு வாய் விழுங்கிய பின்னரே அடுத்தது, வாயில் உணவோடு பேச்சுக் கொடுக்காமை ஆகிய மூன்றும் போதும். உண்ணும்போது இருமலோ, உண்டபின் குரலில் கரகரப்போ தொடர்ந்தால் உணவு மூச்சுக்குழாய்க்குப் போகிறதென்று ஐயப்பட்டு மருத்துவரைக் கேளுங்கள். கரண்டியைப் பிடிக்க முடிகிறவருக்குத் தடித்த பிடியுள்ள கரண்டி வாங்கிக் கொடுங்கள், சிந்தினால் சிந்தட்டும். வாரத்துக்கான மருந்துகளைப் பெட்டியில் பிரித்து வைப்பது குடும்பத்தினரின் வேலையாக இருக்கட்டும்.

11. குறிப்பேடும் விடுப்பு நாளும்

ஒரு சாதாரண நோட்டுப் போதும். உணவு, நீரின் அளவு, மலம், சிறுநீர், திருப்பிய நேரம், தோலின் நிலை, மருந்து, புதிதாகத் தெரிந்தது ஆகியவற்றை நேரத்தோடு எழுதச் சொல்லுங்கள். எழுதக் கூச்சப்படுகிறவருக்குக் கட்டம் போட்டு, குறியிட மட்டும் சொல்லலாம். முகம் கோணுதல், பேச்சுக் குழறுதல், மூச்சுத் திணறல், விழுந்து தலையில் அடிபடுதல் ஆகியவற்றுக்கு நோட்டில் எழுதிவிட்டுக் காத்திருக்காமல், முதலில் ஆம்புலன்சையும் அடுத்து உங்களையும் அழைக்க வேண்டும். அந்த எண்களைக் கட்டிலின் தலைமாட்டில் பெரிய எழுத்தில் ஒட்டிவிடுங்கள்.

உதவியாளர் விடுப்பு எடுப்பார் என்பதை முதல் நாளே ஏற்றுக்கொண்டு, மாற்று ஆளை ஒருமுறை முன்கூட்டியே வரவழைத்து வேலையைக் காட்டிவிடுங்கள். முதல் படியில் எழுதிய தாளை மாதம் ஒருமுறை திருத்தி எழுதுங்கள். நான்காம் மாதத்தில் அம்மாவின் தாளில் முகம் கழுவுதல் மறுபடியும் "தானே" ஆனது. புதிய தாளை ஒட்டும்போது பழையதைக் கிழித்துவிடுங்கள்; நாங்கள் அலமாரிக் கதவில் விட்டுவைத்த பழைய தாளைப் பார்த்து, மாற்றாக வந்தவர் இரண்டு நாட்கள் அம்மாவின் முகத்தைத் தானே துடைத்துக்கொண்டிருந்தார்.